சாணைக்கல்லின் அடிப்பக்கம்

போன வாரம் நம் பள்ளிக் குழுவில், அதுதான் வாட்ஸ்அப்பில், ஒரு மோதிரத்தின் படம் வந்தது. குருண் இரவுச் சந்தையில், பாசார் மாலாமில் வாங்கியதாம். வெள்ளிக் கட்டு, நடுவில் கருஞ்சிவப்பாக ஒரு கல். அதற்குக் கீழே உங்களில் ஒருவர், "நம்ம கல்லுரசி மட்டும் இருந்திருந்தா ஓசியிலயே செஞ்சு குடுத்திருப்பாரு" என்று எழுதியிருந்தார். உடனே சிரிக்கும் முகங்கள் வரிசையாக வந்து விழுந்தன. அதில் ஒன்று நான் போட்டது. எல்லாரும் சிரிக்கும்போது நானும் சிரித்து வைப்பது இத்தனை வருஷத்துப் பழக்கம்.

கல்லுரசி என் அப்பா. அது உங்கள் எல்லாருக்கும் தெரியும். வேலைக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்து கல் உரசியவர், அந்தப் பைத்தியத்தில் பெண்டாட்டியின் வேலைக்கு வேட்டு வைத்தவர், பெற்ற பிள்ளையின் தலையில் கை வைத்துப் பொய்ச் சத்தியம் செய்தவர். இப்படித்தான் நம் ரப்பர் தோட்டத்தில் பேசிக்கொண்டார்கள். இதில் முதலாவது பாதி உண்மை. இரண்டாவதும் பாதிதான். மூன்றாவது சுத்தப் பொய். அது பொய் என்பதை ஐம்பது வருஷமாக நான் வாய்க்குள்ளேயே வைத்திருந்தேன். அறுபதைத் தாண்டிய பிறகும் சொல்லாவிட்டால் பிறகு எப்போது சொல்வது? கொஞ்சம் நீளமாக வரும். பொறுமை இல்லாதவர்கள் இப்போதே போய்த் தேநீர் கலக்கிக்கொள்ளலாம்.

தோட்டம் இன்று இல்லை. லயத்து வரிசை வீடுகள் இருந்த இடத்தில் புது வீடமைப்புப் பகுதி வந்துவிட்டது. அதற்காக நான் கண்ணீர் விடப்போவதில்லை. ஒரு தண்ணீர்க் குழாய்க்கு எட்டு வீடு வாளியோடு நின்றதை மறந்துவிட்டு 'ஆகா அந்தக் காலம்' என்று உருகுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. எனக்கு அந்த ஒரு பருவம்தான் போகமாட்டேன் என்கிறது.

அது இலை கொட்டும் காலம். தை பிறந்ததும் ரப்பர் மரமெல்லாம் சிவந்து உதிர்ந்து, காலை எங்கே வைத்தாலும் சரசரவென்று சத்தம் கேட்கும். அப்பா தோட்டத்து ஆலையில் ரப்பர் தகடு அழுத்தும் உருளையில் வேலை பார்த்தார். மார்கழிக் கடைசியில் அந்த உருளை அவருடைய இடது கையில் இரண்டு விரல்களை நசுக்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் தைத்துக் கட்டி, மூன்று மாதம் வீட்டில் இருக்கச் சொல்லி அனுப்பினார்கள். பட்ட காலிலேயே படும் என்பது சரிதான். இலை கொட்டும் காலத்தில் மரத்தில் பாலும் குறைவு. அம்மா ஒருவர் பால்மரம் வெட்டிக்கொண்டு வருவதில்தான் வீடு நடந்தது. வீட்டில் அப்பா, அம்மா, நான், மூன்றே பேர். எனக்குப் பதினோரு வயது.

அப்பாவுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. காலையில் தோட்டத்து கிளினிக்கில் புண்ணுக்கு மருந்து வைத்துக்கொண்டு அப்படியே ஆற்றுப் பக்கம் போய்விடுவார். ஜெராய் மலையடிவாரத்தில் கல் உடைக்கும் இடத்துக்குக் கீழே ஓடுமே, அந்த ஆறு. மழை இல்லாத அந்த மாதங்களில் தண்ணீர் கணுக்காலுக்குத்தான் வரும். அடியில் கிடக்கும் கல்லெல்லாம் வெளியே தெரியும். ஒரு நாள் கால்சட்டைப் பை நிறையக் கல்லோடு வந்தார். கருங்கல் துண்டுகளுக்குள் மாதுளை முத்தைப் பதித்த மாதிரி சின்னச் சின்னச் சிவப்பு மணிகள் இருந்தன.

குருணில் மளிகைக்கடை வைத்திருந்த பாயிடம் அதைக் கொண்டுபோய்க் காட்டினார். நானும் கூடப் போயிருந்தேன். பாயின் வலது கையில் நான்கு மோதிரம். நான்கிலும் நான்கு நிறத்தில் கல். அவர் அப்பா கொடுத்த கல்லை நாக்கில் தொட்டு ஈரமாக்கி, வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

"நல்ல கல்லுதான் தம்பி. உரசிப் பாரு. உள்ள வெளிச்சம் இருந்தா தெரியும்."

"ரத்தினமா பாய்?"

"ரத்தினம் இந்த ஆத்துல கெடந்தா நான் ஏன்பா இங்க உப்பு மொளகா வித்துக்கிட்டு இருக்கேன்?"

அப்பா பாய் சொன்னதில் முதல் பாதியை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தார். அது கார்னெட் என்ற கல், அந்த மலையில் அது நிறையவே கிடக்கிறது என்பதெல்லாம் பல வருஷம் கழித்து நான் தெரிந்துகொண்டது. அவர் கடைசிவரை ரத்தினத்துக்குப் பக்கத்தில் எங்கேயோ இருப்பதாகத்தான் நினைத்திருந்தார்.

எனக்கு அவர் எதையும் கற்றுக்கொடுக்கவில்லை. பக்கத்தில் போனால் "போயி படி" என்று விரட்டுவார். ஆனால் ஓர் அறையும் ஓர் அடுப்படியும் உள்ள வீட்டில் ஒருவர் செய்வது மற்றவர் கண்ணில் படாமல் எப்படி இருக்கும்? குங்கிலியத்தை நெருப்பில் இளக்கி மூங்கில் குச்சியின் நுனியில் வைத்து, அது ஆறுவதற்குள் கல்லை அதில் ஒட்டுவார். அடிபட்ட கையால் எதையும் இறுக்கிப் பிடிக்க முடியாது. அதனால் குச்சியை வலது கையில் வைத்துக்கொண்டு, உரசும் கல்லை இரண்டு பாதங்களுக்கு நடுவில் அழுத்திக்கொள்வார். துணி துவைக்கும் கல்லில் ஆற்று மணலும் தண்ணீரும் போட்டுத் தேய்த்தால் முதலில் உருவம் வரும். கடைசியில் பச்சை மூங்கில் தோலிலும், பிய்ந்த தோல் செருப்பில் அடுப்புச் சாம்பலைத் தடவியும் தேய்த்தால் பளபளப்பு வரும்.

இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வேலை இருக்கிறது. மணல் போட்ட கீறலை எடுக்க வேண்டும். மணல்தாளில் தேய்த்தால் தாள்தான் தேய்ந்தது. அதற்கு நயமான, அதே சமயம் கடினமான ஒரு கல் வேண்டும். அப்படி ஒரு கல் எங்கள் வீட்டில் இருந்தது. அம்மாவின் சாணைக்கல்.

மரம் வெட்டிய வீட்டில் பிறந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதிய கிராணி வீட்டுப் பிள்ளைகளும் இந்தக் குழுவில் இருப்பதால் சொல்கிறேன். பால்மரம் வெட்டும் உளி அடுப்படிக் கத்தி மாதிரி இல்லை. அதன் வாய் மடங்கி இருக்கும். அதை வைத்துப் பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும். உளி மழுங்கினால் கை தானாக அழுத்தும். அழுத்தினால் பட்டையைத் தாண்டிக் கட்டையில் காயம் விழும். காயம் பட்ட மரம் அந்த இடத்தில் முண்டு முண்டாக வீங்கிவிடும். பிறகு அங்கே உளியே வைக்க முடியாது. அதனால் மரக்காயம் என்றால் தோட்டத்தில் பெரிய குற்றம். அம்மாவின் வெட்டில் காயமே இருக்காது என்று வேலையை மேற்பார்க்கிற தண்டலே சொல்வார். புதிதாக வந்தவர்களை அம்மா வெட்டிய மரத்தைப் போய்ப் பார்க்கச் சொல்வார். இருபது வயதிலிருந்து அம்மா சம்பாதித்த பேர் அது ஒன்றுதான்.

அந்தச் சாணைக்கல்லைச் சிரட்டையில் தண்ணீர் ஊற்றி ஊறப்போட்டிருப்பார். விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகுமுன், மண்ணெண்ணெய் விளக்கு எரிந்தும் எரியாமலும் இருக்கும்போது உளியைத் தீட்டுவார். தீட்டி முடிந்ததும் அதைத் திரும்பச் சிரட்டையில் போட்டுவிட்டுப் போவார். அம்மா போன பிறகு அப்பா அதில் கல் உரசினார். ஒரு மாதம் உரசினார். கருஞ்சிவப்புக் கல் மூன்றோ நான்கோ மெருகு ஏறி பிஸ்கட் டின்னில் கிடந்தன.

ஒரு நாள் மத்தியானம் அம்மா வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்தார். தண்டல் நான்கு மரத்தில் காயம் கண்டுபிடித்துச் சுண்ணாம்பால் அடையாளம் போட்டுவிட்டாராம். அம்மா சாணைக்கல்லை எடுத்துத் துடைத்து, வாசல் வெளிச்சத்தில் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். நடுவில் பள்ளம் விழுந்திருந்தது.

"இது என் சோறு," என்றார். "ஒங்க வெளையாட்டுக்கு என் சோத்துலயா கைய வெப்பீங்க?"

"ஓரமாத்தான் தேச்சேன்."

"உளிக்கு ஓரம் ஏது, நடு ஏது? இன்னொரு தடவ காயம் கண்டா மரத்த விட்டு எறக்கிடுவேன்னு தண்டல் சொல்லிட்டாரு. புல்லுக்கு மருந்தடிக்கப் போகச் சொல்றீங்களா என்னய?"

அப்பா இனிமேல் தொடமாட்டேன் என்றார். சாமி படத்தைக் காட்டிச் சத்தியம் செய்யப் போனார். அம்மா தடுத்துவிட்டார்.

"சாமி வேணாம். சாமிக்கு ஒங்களப் பத்தி நல்லாத் தெரியும். புள்ள தலையில கைய வச்சுச் சொல்லுங்க."

அப்பா தயங்கினார். எனக்கு அது நன்றாக நினைவிருக்கிறது. பிறகு வலது கையை என் உச்சந்தலையில் வைத்தார். கை கனமாக இருந்தது. குங்கிலிய வாசம் அடித்தது. "ஒன் சாணக்கல்ல இனிமே நான் தொடமாட்டேன். எம்புள்ள மேல சத்தியம்," என்றார். இன்றைய பிள்ளைகளுக்கு இது சிரிப்பாக இருக்கலாம். நமக்கு அப்படியில்லை. சத்தியத்தை உடைத்தால் உடைத்தவருக்கு ஒன்றும் ஆகாது. கை வைத்த தலைக்குத்தான் ஆகும். அதனால்தான் யாரும் அவ்வளவு சுலபமாக அப்படிச் சத்தியம் செய்வதில்லை.

அம்மா இரண்டு சாயங்காலம் குளியலறைச் சிமெண்டுத் தரையில் மணலைப் போட்டு, சாணைக்கல்லைத் தேய்த்துத் தேய்த்துத் திரும்பச் சமமாக்கினார். நான்தான் தண்ணீர் ஊற்றினேன். அப்பா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அந்தச் சிரட்டை இருந்த மூலைப் பக்கம்கூட அவர் போகவில்லை. பாதி உரசிய கற்களை உள்ளங்கையில் போட்டு உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவ்வளவுதான். இதை நான் கண்ணால் பார்த்தேன். நீங்கள் நம்ப வேண்டியது இதைத்தான்.

இனி என் கதை. என்னிடமும் ஒரு கல் இருந்தது. சிவப்பில்லை. கண்ணாடி மாதிரித் தெளிந்து, உள்ளே லேசாகப் புகை படிந்தது போன்ற பளிங்கு. புளியங்கொட்டை அளவு. ஆற்றில் நானே எடுத்தது. அப்பா இல்லாத நேரத்தில் துவைக்கிற கல்லில் தேய்த்துத் தேய்த்து ஒரு பக்கத்தை உருட்டையாகக் கொண்டுவந்திருந்தேன். நனைத்தால் உள்ளே விளக்கு வைத்த மாதிரி இருக்கும். காய்ந்தால் வெளுத்துப்போய் சாதாரணக் கல்லாகிவிடும். நனைந்தபோது தெரிகிற அந்த வெளிச்சத்தைக் காய்ந்த பிறகும் நிற்கவைப்பதுதான் மெருகு. அது எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்த பிறகு கை சும்மா இருக்கவில்லை.

அம்மாவுக்கு மூக்குத்திக் கல்லாகக் கொடுக்க நினைத்தேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. எழுதினால் நீங்களும் உச்சுக்கொட்டுவீர்கள். அதெல்லாம் இல்லை. யாருக்காகவும் இல்லை. எனக்கு அந்த வெளிச்சம் வேண்டும்.

நமக்கு மத்தியானப் பள்ளி. காலையில் அம்மா காட்டில், அப்பா கிளினிக்கிலும் ஆற்றிலும். வீட்டில் நான் மட்டும். நான் எனக்குள் வழக்காடித் தீர்ப்பும் சொல்லிக்கொண்டேன். சத்தியம் செய்தது அப்பா. தொடமாட்டேன் என்று சொன்னதும் அப்பா. நான் எதுவும் சொல்லவில்லை. ஆகவே நான் தொட்டால் சத்தியம் உடையாது. அதற்கு மேல் ஒரு கெட்டிக்காரத்தனம் வேறு: மேல்பக்கத்தில் உரசாமல், கல்லைப் புரட்டி அடிப்பக்கத்தில் உரசினேன். அம்மாவுக்கு வேண்டிய பக்கம் அப்படியே இருக்கும் அல்லவா?

தினமும் அரை மணி நேரம். இரண்டு வாரத்துக்கு மேல் இருக்கும். விரல் நுனியெல்லாம் தோல் தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டது. நகக்கண்ணில் சாம்பல் நிறக் குழம்பு ஏறி, கழுவினாலும் போகவில்லை. வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர் ஒரு முறை அது என்ன என்று கேட்டார். மண் என்றேன்.

அம்மா அடிப்பக்கத்தையும் பயன்படுத்துவார் என்பது எனக்குத் தெரியாது. உளியின் மடிப்பு மூலைக்கு மட்டும், கடைசியாக, கல்லைப் புரட்டி இரண்டே இழுப்பு. அரை இருட்டில், பார்க்காமலே, கைப் பழக்கத்தில் இழுப்பார். மடிப்பு மூலைதான் பட்டைக்குள் முதலில் இறங்குவது. நான் போட்ட பள்ளம் அந்த மூலையை மழுங்கடித்துக்கொண்டே இருந்திருக்கிறது.

அன்று நான் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அம்மா வந்து வாசற்படியில் உட்கார்ந்தார். உளியை மடியில் வைத்திருந்தார். "பதினோரு மரம்," என்றார். "நாளையிலேர்ந்து மருந்தடிக்கிற கூட்டத்துக்குப் போகணுமாம்." பிறகு எழுந்துபோய்ச் சாணைக்கல்லை எடுத்தார். மேல்பக்கத்தைப் பார்த்தார். திருப்பினார்.

அப்பா அப்போதுதான் ஆற்றிலிருந்து வந்து முகம் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நான் தொடல," என்றார். "சத்தியமாத் தொடல."

"அப்ப இது தானாத் தேஞ்சு போச்சா?"

அப்பா பதில் தேடுகிறவர் மாதிரி இந்தப் பக்கம் பார்த்தார். நான் வெள்ளைச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். அவர் பார்வை என் விரல்களில் வந்து நின்றது. கல் உரசியவருக்குக் கல் உரசிய விரல் தெரியாதா? பிறகு என் முகத்தைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஆமா," என்றார் அப்பா. "நாந்தான். விடு."

அவர் என்ன நினைத்து அப்படிச் சொன்னார் என்று எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். அம்மா வேலை போன கோபத்தில் இருக்கிறார். பிள்ளைதான் செய்தது என்று தெரிந்தால் பிள்ளையின் முதுகு தாங்காது. தான் வாங்கிக்கொண்டால் நான்கு வார்த்தையோடு போகும். இவ்வளவுதான் அவர் கணக்குப் போட்டிருக்க வேண்டும். கல்லைத் தொட்டதை ஒத்துக்கொண்டால் சத்தியத்தை உடைத்ததையும் ஒத்துக்கொண்டதாகும் என்பது அந்த நேரத்தில் அவருக்குத் தோன்றவே இல்லை. நல்ல மனிதர். ஆனால் அவசரக்காரர்.

அம்மா கத்தவில்லை. என்னை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்து, முந்தானையால் என் தலையைத் துடைத்தார். எண்ணெய் தடவி வாரிய தலை கலைந்துபோகும் அளவுக்கு, ஏதோ ஒட்டிக்கொண்டிருப்பதை எடுக்கிற மாதிரி துடைத்துக்கொண்டே இருந்தார். "இனிமே இந்தத் தலை மேல அந்தக் கை படக்கூடாது," என்றார். அப்பாவிடம் சொன்னாரா என்னிடம் சொன்னாரா, தெரியவில்லை. நான் புத்தகப் பையை எடுத்துக்கொண்டு பள்ளிக்கு வந்துவிட்டேன். அன்று கணக்குப் பாடம். நீங்கள் எல்லாரும் இருந்தீர்கள்.

மருந்தடிக்கும் வேலை என்றால் முதுகில் டாங்கியைக் கட்டிக்கொண்டு, ரப்பர் மரத்தடியில் முளைக்கும் புல்லுக்கு விஷம் தெளிப்பது. கையுறை கிடையாது. முகத்துக்கு ஒரு துண்டு, அவ்வளவுதான். இரண்டு வாரத்தில் அம்மாவின் கால் நகங்கள் கறுத்தன. ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மூக்கிலிருந்து ரத்தம் சோற்றில் சொட்டியது. அம்மா அந்தப் பிடிச் சோற்றை மட்டும் ஒதுக்கிவிட்டு மிச்சத்தைச் சாப்பிட்டார். அப்பா தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். அம்மா அதை வாங்காமல், எழுந்துபோய்த் தானே மொண்டு குடித்தார். அன்று தொடங்கியது. அப்பா கையால் ஒரு டம்ளர் தண்ணீர்கூட அம்மா பிறகு வாங்கியதில்லை.

பங்குனி நடுவில் எனக்குக் காய்ச்சல் வந்தது. ஒரு வாரம் விடவில்லை. கிளினிக் மாத்திரையில் இறங்கும், மறுபடி ஏறும். அம்மா எதிர்பார்த்துக்கொண்டிருந்தது அதுதான். முனியாண்டி கோயில் பூசாரியிடம் போய்ச் சொன்னார். பிள்ளை தலையில் வைத்த சத்தியம் பிள்ளை தலையில் நிற்கிறது, முடியைக் கொடுத்துக் கழித்துவிடலாம் என்று பூசாரி சொல்லிவிட்டார். நானும் பயந்துபோயிருந்தேன். அப்பா சத்தியத்தை உடைக்கவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அவரே உடைத்தேன் என்று வாயால் சொல்லிவிட்டாரே, அதை நம்பிச் சத்தியம் என் மேல் இறங்கிவிட்டதோ என்று காய்ச்சலில் கிடந்து யோசித்தேன்.

கோயிலுக்கு அப்பாவும் வந்தார். என் தலையை நனைத்துக் கத்தியை வைக்கப்போகும்போது அவர் முன்னால் வந்தார்.

"பூசாரி, என் தலைமுடிய எடுத்துக்குங்க. பொம்பளப் புள்ள. பள்ளிக்கூடம் போவுது."

"சத்தியம் ஒன் தலையிலயா பண்ணின?"

அப்பா அம்மா பக்கம் திரும்பினார். "நான் பொய்ச் சத்தியம் பண்ணல. கேளு. நான் அந்தக் கல்லத் தொடவே இல்ல."

"அன்னைக்கு நாந்தான்னு சொன்னீங்க. இன்னைக்கு இல்லங்கிறீங்க. இதுல எது பொய்?" என்று அம்மா கேட்டார். "அப்ப யாரு தொட்டது? சொல்லுங்க. கோயில்ல நிக்கிறோம்."

அப்பா என்னைப் பார்த்தார். இந்த முறை நான் தலையைக் குனிய வேண்டிய அவசியமே இல்லை. பூசாரி ஏற்கனவே குனியவைத்துப் பிடித்திருந்தார். தண்ணீர் கழுத்து வழியாக முதுகில் இறங்கியது. வாயைத் திறந்து "நான்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். கோயிலில் வைத்துச் சொன்னால் சாமி அங்கேயே பார்த்துவிடும் என்ற பயம். முடி போனால் எல்லாம் சரியாகிவிடும் என்று வேறு சொன்னார்களே. இருந்துவிட்டேன். அப்பாவும் அதற்கு மேல் பேசவில்லை. பேசினாலும், தன் பாவத்தைப் பிள்ளை மேல் போடுகிறான் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

திரும்பி வரும்போது அப்பா தன் தோளில் இருந்த துண்டை எடுத்து என்னிடம் நீட்டினார். "கட்டிக்க. வெயிலு," என்றார். நான் செய்ததைப் பற்றி அவர் என்னிடம் அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை.

காய்ச்சல் விட்டது. ஒரு வாரம் ஆகியிருந்ததால் அது விட வேண்டிய நேரம்தான். ஆனால் அம்மாவுக்கு அது சாட்சியாகிவிட்டது. மொட்டைத் தலையோடு நான் பள்ளிக்கு வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். வேண்டுதல் என்று சொன்னேன். ஒருவர் என் தலையில் சந்தனம் தடவ வேண்டும் என்று சாக்பீஸ் பொடியைத் தடவினார். அதை நான் மன்னித்துவிட்டேன். நான் பட வேண்டியது அதைவிட அதிகம்.

பிஸ்கட் டின்னில் இருந்த சிவப்புக் கற்களை அம்மா லயத்துக் கால்வாயில் கொட்டினார். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பொறுக்கிக் கொஞ்ச நாள் விளையாடின. என் பளிங்குக்கல் என்ன ஆனதென்று எனக்குத் தெரியவில்லை. எங்கே ஒளித்துவைத்தேன் என்பதே மறந்துவிட்டது. மெருகு பாதிதான் ஏறியிருந்தது. அப்பாவுக்குத் தோட்டத்து ஆலையில் காவல்காரர் வேலை கொடுத்தார்கள். அம்மாவை மறுபடியும் மரத்தில் விடவில்லை. தோட்டத்தை விட்டு வெளியேறும்வரை மருந்துதான் அடித்தார்.

ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு, அவர்கள் இருவரும் அப்படியே வயதானார்கள். சண்டை கிடையாது. சண்டை போட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். என் கல்யாணத்தில் நானும் மாப்பிள்ளையும் காலில் விழுந்தபோது, அப்பா மஞ்சள் அரிசியோடு கையை என் தலைக்கு நேரே கொண்டுவந்தார். அம்மா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவின் கை ஒரு சாண் உயரத்திலேயே நின்றது. அரிசி மட்டும் விழுந்தது. வீடியோவில் அது பதிவாகியிருக்கிறது. பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தோன்றாது. நான் அந்த இடம் வந்தால் எழுந்து போய்விடுவேன்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். அப்பா படுக்கையில் விழுந்தபோது சொல்லியிருக்கலாம். அம்மா மனம் உடைந்துவிடும், அப்பாவுக்கு இந்த நேரத்தில் எதற்கு, பிள்ளைகள் முன்னால் வேண்டாம் என்று ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் கைவசம் இருந்தது. எல்லாம் சாக்கு. அவர் செத்துப் பதினாறு வருஷம் ஆகிவிட்டது.

உங்கள் சிரிப்பு முகங்கள் வந்த மறுநாள் காலை அம்மாவிடம் சொன்னேன். அம்மா இப்போது கூலிமில் என்னோடுதான் இருக்கிறார். வயது எண்பத்து மூன்று. காது மந்தம், புத்தி தெளிவு. ஹைடெக் பூங்காவில் வேலை பார்க்கும் என் மகள் இரவு ஷிப்டு முடிந்து வந்து அறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். அம்மா அடுப்படி மேசையில் தட்டு நிறைய நெத்திலியை வைத்துக்கொண்டு தலை கிள்ளிக்கொண்டிருந்தார். நான் எதிரில் உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் சொன்னேன். அடிப்பக்கத்தில் உரசியது நான். அப்பா தொடவே இல்லை. சத்தத்தைக் கூட்டி இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

அம்மா நெத்திலியைக் கிள்ளிக்கொண்டே இருந்தார். தலையை ஒரு பக்கம், உடம்பை ஒரு பக்கம் போட்டுக்கொண்டே வந்தவர், கொஞ்ச நேரத்தில் இரண்டையும் ஒரே பக்கத்தில் போட ஆரம்பித்தார்.

"அப்ப அவரு ஏன் நாந்தான்னு சொன்னாரு?"

"நீங்க என்ன அடிப்பீங்கன்னு நெனச்சிருப்பாரும்மா. வேற என்ன?"

அம்மா கையைத் துடைத்துக்கொண்டார்.

"அடிச்சிருப்பேன்தான்," என்றார். "ரோத்தான் பெரம்ப எடுத்து ரெண்டு போட்டிருப்பேன். நீ அழுதிருப்ப. சாயந்தரம் கூப்பிட்டுச் சோறு போட்டிருப்பேன். அவ்வளவுதான்லா."

பிறகு என்னைப் பார்த்து, "ரெண்டு அடிடீ," என்றார்.